பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜை வீட்டிலேயே மீட்டெடுப்பது எப்படி

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வாங்கிய கெல்வினேட்டர், கோத்ரெஜ், ஆல்வின் ஃப்ரிட்ஜ்கள் இன்னும் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியிலோ ஸ்டோர் ரூமிலோ நிற்கின்றன. பெரும்பாலும் 165 லிட்டர், ஒற்றைக் கதவு, தடித்த தகட்டு உடம்பு, பின்பக்கம் கறுப்புக் கம்பிச் சட்டம். உள்ளே இருப்பது ஒரு கம்ப்ரசர், அதைக் கிளப்பிவிடும் ஒரு ரிலே, மின்சாரம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் ஒரு ஓவர்லோடு, குளிரைப் பார்த்து கம்ப்ரசரை நிறுத்தி ஓட்டும் ஒரு தெர்மோஸ்டாட், ஒரு விளக்கு, அவ்வளவுதான். மின்விசிறி கிடையாது, சர்க்யூட் போர்டு கிடையாது. அதனால்தான் நாற்பது வருடம் கழித்தும் இவற்றை உயிர்ப்பிக்க முடிகிறது.

புதிதாக இறங்குபவர்கள் அனேகமாக எல்லோரும் முதலில் பெயின்ட்டைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். வரிசை அதுவல்ல. முதலில் மின்சாரம், பிறகு குளிர்ச்சி, பிறகு காப்பும் (சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்கும் அடைப்பு) கேஸ்கெட்டும் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை), கடைசியில்தான் அழகு. இன்னொன்று: குளிர்விக்கும் வாயு, அதாவது கேஸ், ஓடும் குழாய்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை வெட்டவே கூடாது. "பழசுதானே, எதற்கும் கேஸ் மாற்றிவிடலாம்" என்று திறந்தவைதான் பிறகு அடிக்கடி மெக்கானிக்கிடம் போகின்றன. தொழிற்சாலையில் அடைத்த அந்தச் சுற்று, ஈரமும் காற்றும் புகாமல் இத்தனை காலம் தாங்கியிருக்கிறது. ஒருமுறை திறந்துவிட்டால் அந்தச் சுத்தத்தை வீட்டில் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

எடுத்து வருவதும் பெயர்ப்பலகையும்

வண்டியில் நிமிர்த்தியே கொண்டு வாருங்கள். படுக்க வைத்துத்தான் கொண்டுவர முடிந்தது என்றால், இறக்கிய பிறகு 24 மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். படுத்த நிலையில் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும். அது திரும்ப இறங்க நேரம் வேண்டும்.

பின்பக்கத்திலோ கதவோரத்திலோ இருக்கும் பெயர்ப்பலகையை முதல் வேலையாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வோல்ட், ஆம்பியர், எந்த வாயு, எத்தனை கிராம் என்ற நான்கும் அதில் இருக்கும். நம் ஊர் ஃப்ரிட்ஜ் என்றால் வாயு ஆர்-12. வெளிநாட்டிலிருந்து வந்த 1920, 30களின் பெட்டி கையில் கிடைத்தால் கவனம்: அன்றைய அமெரிக்க ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் சல்ஃபர் டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் இருந்தன. இரண்டும் நச்சு. அப்படிப்பட்ட பெட்டியின் குழாயை வீட்டில் வைத்துத் தொடவே வேண்டாம்.

கதவில் இழுத்துப் பூட்டும் கொக்கி இருந்தால் இன்றைக்கே அதைக் கழற்றிவிடுங்கள். உள்ளிருந்து திறக்க முடியாத கொக்கிக் கதவுக்குள் குழந்தைகள் சிக்கி இறந்ததால்தான், கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-ல் சட்டம் போட்டது. கொக்கி போய்க் காந்தக் கேஸ்கெட் பரவலானது அதற்குப் பிறகுதான். வேலை முடிந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாலும் சரி, வேலை நடக்கும் வாரங்களில் கதவு பூட்டும் நிலையில் இருக்கக் கூடாது.

மின்சாரம்: பிளக்கில் செருகும் முன்

பழைய ரப்பர் ஒயரை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால், அல்லது பொடியாக உதிர்ந்தால், முழு ஒயரையும் மாற்றுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் செம்பு ஒயரும் நல்ல மூன்று பின் பிளக்கும் போதும். பச்சை ஒயர் கேபினட்டின் உலோகத்தோடு ஸ்க்ரூவால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும்படி செய்யுங்கள். மல்டிமீட்டரில் பிளக்கின் எர்த் பின்னுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

கம்ப்ரசரின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் உள்ளே கரப்பான் எச்சமும் பல்லி முட்டை ஓடும் இருப்பது சகஜம். பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு ரிலேயையும் ஓவர்லோடையும் கழற்றுங்கள். மூன்று பின்கள் தெரியும். காமன் (பொதுவானது), ஸ்டார்ட் (கிளப்பும் சுருளுக்கானது), ரன் (தொடர்ந்து ஓட்டும் சுருளுக்கானது) எது எதுவென்று மல்டிமீட்டர் சொல்லிவிடும். மூன்று ஜோடிகளையும் அளந்து எழுதுங்கள். மிக அதிக ஓம் காட்டும் ஜோடியில் சேராத பின்தான் காமன். மற்ற இரண்டில், காமனோடு குறைந்த ஓம் காட்டுவது ரன், அதிகம் காட்டுவது ஸ்டார்ட். எடுத்துக்காட்டாக 15, 25, 40 ஓம் என்று வந்தால் நல்ல அறிகுறி: முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஜோடி எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு பின்னுக்கும் கம்ப்ரசர் ஓட்டுக்கும் இடையே பாருங்கள். மல்டிமீட்டரில் எந்த அளவும் வரக் கூடாது. மல்டிமீட்டரை மட்டும் நம்பாமல், தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் அந்தக் கம்ப்ரசரை ஓட்ட வேண்டாம். உடம்பில் ஷாக் அடிக்கும் பழைய ஃப்ரிட்ஜ் என்றால் பெரும்பாலும் இங்கேதான் காரணம் இருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கும்.

ரிலேயில் இரண்டு வகை. பழையதில் செம்புக் கம்பி சுற்றிய சுருளும் அதற்குள் மேலும் கீழும் ஓடும் ஒரு சின்ன இரும்புத் துண்டும் இருக்கும். கையில் வைத்துக் குலுக்கினால் "டக் டக்" என்று கேட்க வேண்டும். அந்த இரும்புத் துண்டு தன் எடையால்தான் கீழே விழுந்து தொடர்பைத் துண்டிக்கிறது. ஆகவே ரிலே எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே மாதிரி மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஸ்டார்ட் சுருள் துண்டிக்கப்படாமலே ஓடி, சற்று நேரத்தில் கருகிவிடும். பி.டி.சி. வகை ரிலே (சுருளுக்குப் பதில், சூடானதும் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு வில்லை உள்ளது) நேர் எதிர்: குலுக்கினால் சத்தமே வரக் கூடாது. கலகலத்தால் உள்ளே வில்லை உடைந்திருக்கிறது, மாற்றுங்கள். எதை மாற்றினாலும் கம்ப்ரசரின் குதிரைத்திறனுக்குப் பொருந்தியதையே கேட்டு வாங்குங்கள். "எல்லாத்துக்கும் இதுதான் போடுவோம்" என்று கடையில் தரும் ரிலேயில் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகலாம். ஓவர்லோடு சரியான நேரத்தில் கட் ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதல் ஓட்டம்: மூன்று இடங்களில் கை வையுங்கள்

30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள லைனில், ஸ்டெபிலைசர் வழியாகப் போடுங்கள். கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளப்பது) இருந்தால் ஃபேஸ் ஒயரில் மாட்டுங்கள். கிளம்பும் நொடியில் பல ஆம்பியர் ஏறி, உடனே இறங்கி, பெயர்ப்பலகையில் உள்ள அளவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த அளவு ஃப்ரிட்ஜுக்கு அது ஏறக்குறைய ஒரு ஆம்பியர்.

கிளம்பாமல் சில நொடிகளில் "டிக்" என்று கட் ஆனால் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே இரு பக்க அழுத்தமும் சமமாகாமல் இந்த மோட்டாரால் கிளம்ப முடியாது, அதற்கு அந்த வலு கிடையாது. கரன்ட் போய் உடனே வரும் ஊர்களில் கம்ப்ரசர் கருகுவதும் இதனால்தான். மூன்று நிமிடத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசரை வாங்கச் சொல்வது இதற்காகவே.

ஓடத் தொடங்கிவிட்டால் கால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் மெல்லிய குழாய் நன்றாகச் சுட வேண்டும். பின்பக்கச் சட்டம் மேலே சூடாகவும் கீழே வர வர வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும். ஃப்ரீசர் தகடு முழுக்க ஒரே மாதிரி பனி பூக்க வேண்டும். அந்தப் பனியைக் கூர்ந்து பாருங்கள், நோய் அங்கேதான் தெரியும்:

பனி ஃப்ரீசரின் ஆரம்ப மூலையில் மட்டும் கட்டி மீதி இடம் காய்ந்து கிடந்தால், கேஸ் குறைவு. எங்கோ கசிகிறது.

நன்றாகக் குளிர்ந்து, சில மணி நேரத்தில் குளிர் நின்று, அணைத்து வைத்தால் மறுபடி குளிர்ந்தால், சுற்றுக்குள் ஈரம். கேபிலரியின் (ஃப்ரீசருக்குக் கேஸைக் கொண்டுபோகும் மிக மெல்லிய குழாய்) முனையில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்கிறது.

பனியே இல்லை, சட்டமும் சூடாகவில்லை, கம்ப்ரசர் மட்டும் சத்தமில்லாமல் ஓடுகிறது, ஆம்பியரும் குறைவு என்றால் கேஸ் முழுக்கப் போயிருக்கும்; அல்லது கம்ப்ரசரின் வால்வு போயிருக்கும்.

ஃப்ரீசர் முழுக்கப் பனி பூத்தால் நிம்மதியாக அடுத்த பகுதிக்குப் போகலாம். குழாயை மறந்துவிடுங்கள்.

கேஸ் வேலை தவிர்க்க முடியாதபோது

இதை மெக்கானிக்கிடம் கொடுங்கள், ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். ஆர்-12 ஓசோன் படலத்தை அரிப்பது. மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் அதன் உற்பத்தி 2010-க்குள் நிறுத்தப்பட்டுவிட்டது. "ஒரிஜினல் ஆர்-12" என்று இன்று யாராவது சிலிண்டரைக் காட்டினால் நம்புவதற்குக் காரணமில்லை. மிச்சமிருக்கும் பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடவும் வேண்டாம். புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பத்தாயிரம் மடங்கு கொடியது. பழைய வாயுவைப் பிடித்து அடைக்கும் மீட்பு சிலிண்டர் வைத்திருப்பவரைத் தேடுங்கள்.

பதிலாக ஆர்-134ஏ என்ற வாயுவைப் போடலாம் என்பார்கள். பழைய கம்ப்ரசரில் இருப்பது மினரல் ஆயில்; 134ஏ அதோடு கலக்காது. எண்ணெய் ஃப்ரீசரிலேயே தங்கிப்போய், கம்ப்ரசர் வறண்டு தேய்ந்துவிடும். எண்ணெயை முழுக்க மாற்றாமல் அதைப் போடக் கூடாது. ப்ரொப்பேனும் ஐசோபியூட்டேனும் கலந்த ஹைட்ரோகார்பன் கலவை பழைய எண்ணெயோடு ஒத்துப்போகும், அழுத்தமும் ஆர்-12-க்கு நெருக்கம். எடையில் பாதிகூட வேண்டாம்: பெயர்ப்பலகையில் 110 கிராம் என்றால் 45 கிராம் அளவில் போதும். ஆனால் அது சமையல் கேஸ் மாதிரி எரியக் கூடியது. தெர்மோஸ்டாட்டும் கதவு ஸ்விட்சும் பெட்டிக்குள்ளேயே பொறி தட்டும் பொருட்கள். ஆகவே ஃப்ரீசர் தகட்டில் கசிவு இருந்த பெட்டியில், அது முழுக்கச் சரியாகிச் சோதிக்கப்படும்வரை, இந்தக் கலவை வேண்டவே வேண்டாம்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை: குழாயில் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டரைப் புதிதாக மாற்றுவீர்களா? அழுத்தச் சோதனை நைட்ரஜனில்தானே? ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துச் சோதிப்பவரை உடனே நிறுத்துங்கள், எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். வேக்யூம் பம்ப் இருக்கிறதா, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் இழுப்பீர்களா? பழைய கம்ப்ரசரையே ஓட்டிக் காற்றை வெளியேற்றுவது பலரிடமும் உள்ள வழக்கம். அதில் ஈரம் போகாது, ஒரு மாதத்தில் கேபிலரி அடைக்கும். கேஸைத் தராசில் நிறுத்து ஏற்றுவீர்களா? "பனி பார்த்து ஏத்திடுவேன்" என்பது ஆர்-12 காலத்தில் ஓரளவு செல்லுபடியானது. 45 கிராமில் ஐந்து கிராம் தவறினாலே வித்தியாசம் தெரியும்.

ஃப்ரீசரில் பனியைக் கத்தியால் குத்தியெடுத்ததால் விழுந்த ஓட்டைதான் இந்தப் பெட்டிகளில் அடிக்கடி காணும் கசிவு. மெல்லிய அலுமினியத் தகடு அது.

காப்பும் கேஸ்கெட்டும்

சுவருக்குள் கண்ணாடிக் கம்பளி வைத்த பழைய மாடல்களில், ஈரம் ஏறிய காப்புதான் கண்ணுக்குத் தெரியாத பெரிய நஷ்டம். வெளித்தகட்டில் ஒரே ஒரு இடம் மட்டும் வியர்த்துக்கொண்டே இருந்தால் அங்கே கம்பளி நனைந்திருக்கிறது. திறக்க வேண்டுமானால் கதவு வாயைச் சுற்றி உள்ள பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்ற வேண்டும். அவை வயதாகி மொறுமொறுப்பாக இருக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை ஐந்து நிமிடம் போட்டு இளக்கிவிட்டு, மரக் குச்சியால் நெம்புங்கள். திருப்புளி போட்டால் உடையும், இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு.

கம்பளியை முழுக்கை சட்டை, கையுறை, முகக்கவசத்தோடு எடுத்து நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காய வையுங்கள். கறுத்து, மட்கிப் போயிருந்தால் அதே தடிமனில் புதியது வையுங்கள். அழுத்தி நிறைய அடைத்தால் காப்பு அதிகமாகாது, குறையும். இழைகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் வேலை செய்கிறது. வெளித்தகட்டின் இணைப்புகளை உள்பக்கமிருந்து சிலிகோன் வைத்து அடையுங்கள். ஈரம் வெளியிலிருந்துதான் உள்ளே வருகிறது. புளிப்பு வாசம் அடிக்கும் சாதா சிலிகோன் இரும்பை அரிக்கும், நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். டப்பாவில் வரும் ஸ்ப்ரே ஃபோமை உள்ளே அடிக்காதீர்கள், வீங்கி உள் பெட்டியைப் பிதுக்கிவிடும்.

கேஸ்கெட்டுக்கு எளிய சோதனை: ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். பிடித்து இழுபட வேண்டும். சுற்றிலும் ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை பாருங்கள். எளிதாக வழுக்கும் இடத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி விரலால் உருவிவிட்டால் பாதி நேரம் சரியாகிவிடும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய கேஸ்கெட்டையே கடைக்குக் கொண்டுபோவது நல்லது, அளவை மட்டும் சொன்னால் உள்விளிம்பா வெளிவிளிம்பா என்று குழப்பம் வரும். மாட்டும்போது உள்கதவின் ஸ்க்ரூக்களை எல்லாம் ஒரேயடியாகக் கழற்றாமல் தளர்த்தி மட்டும் வையுங்கள். மூலைகளை முதலில் சொருகி, பிறகு நடுப்பகுதி. இறுக்கும் முன் கதவை மூடி, முறுக்கு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு தொங்கினால் கீழ் கீலில் உள்ள நைலான் புஷ் தேய்ந்திருக்கும்; ஒரு வாஷர் போட்டால் உயரும்.

கதவை மூடினால் விளக்கு அணைகிறதா? போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். அணையாத 15 வாட் பல்ப் இரவும் பகலும் உள்ளே ஒரு ஹீட்டர்தான்.

துருவும் பெயின்ட்டும்

துரு எங்கே இருக்கும் என்று தேட வேண்டியதில்லை: கதவின் கீழ் விளிம்பு, கேஸ்கெட் படும் கீழ்ப்பகுதி, கால்களைச் சுற்றி, பின்னால் தண்ணீர்த் தட்டு இருக்கும் இடம். கம்பி பிரஷ், பிறகு 80-ம் நம்பர், பிறகு 120, 220 உப்புத்தாள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், தண்ணீர் தொட்டே தேய்யுங்கள். தூளைப் பறக்கவிடாதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். குழியில் மிஞ்சிய துருவுக்கு ஃபாஸ்ஃபாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர். தகடு ஓட்டையாகியிருந்தால் பட்டி வைத்து மூடுவது சில மாதத்துக்குத்தான் தாங்கும், பின்னால் தகடு ஒட்டுங்கள். நசுங்கலை எடுக்கிறேன் என்று உடம்பில் ஸ்க்ரூவோ ட்ரில்லோ போடக் கூடாது. சில மாடல்களில் குழாய் அந்தத் தகட்டுக்கு உள்பக்கமே ஓடுகிறது. வெல்டிங்கும் அப்படித்தான், உள்ளே காப்பு தீப்பிடிக்கும்.

பவுடர் கோட்டிங் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அதற்கு 180 முதல் 200 டிகிரி அடுப்பு வேண்டும். காப்போடு இருக்கும் பெட்டி தாங்காது. கார் டிங்கரிங் பட்டறையில் அடிக்கும் டக்கோ பெயின்ட்தான் நடைமுறைக்கு ஏற்றது. எபாக்ஸி ப்ரைமர் அரை லிட்டர், பட்டி கொஞ்சம், 320, 400 வாட்டர் பேப்பர், பிறகு மூன்று மெல்லிய கோட். 165 லிட்டர் பெட்டிக்கு ஒரு லிட்டர் போதும். மழை நாளில் அடித்தால் வெண்படலம் விழும், வெயில் நாளாகப் பாருங்கள். ஹார்ட்னர் கலக்கும் பி.யூ. பெயின்ட் பளபளப்பு அதிகம் தரும், ஆனால் அதன் புகை நுரையீரலைப் பதம் பார்ப்பது. துணி மாஸ்க் தடுக்காது. அதைப் பட்டறையிலேயே அடிக்கக் கொடுங்கள்.

பெயின்ட் அடித்து ஒரு வாரம் ஆகாமல் கேஸ்கெட் பட மூடாதீர்கள், கேஸ்கெட்டின் பி.வி.சி. புது பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு உரித்தெடுக்கும். மாட்டும்போது கேஸ்கெட்டில் கொஞ்சம் முகப் பவுடர் தடவுங்கள். பெயரெழுத்துகளின் பின்புறம் மெல்லிய முளைகள் உண்டு, நெம்பினால் உடையும். ஹேர் டிரையரால் சூடாக்கி, மீன்பிடி நரம்பை உள்ளே விட்டு மெதுவாக அறுத்தெடுங்கள். உள்பக்கத்துக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பச்சோடா. ப்ளீச்சிங் பவுடர் அலுமினியத்தை அரிக்கும், தவிர்த்துவிடுங்கள்.

கடைசிச் சோதனை

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பின்பக்கம் இம்மி சாய்வாக நிறுத்துங்கள். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு, நடுத்தர அமைப்பில் 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் 3 முதல் 5 டிகிரிக்குள் வர வேண்டும். கம்ப்ரசர் அவ்வப்போது நின்று ஓய்வெடுக்க வேண்டும். குளிர் சரியாக இருந்தும் நிற்காமலே ஓடினால், தெர்மோஸ்டாட்டின் மெல்லிய வால் ஃப்ரீசர் தகட்டை இறுகத் தொடுகிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் நேரங்களில் கிளிப் தளர்ந்திருப்பதுதான் காரணம், புது தெர்மோஸ்டாட் தேவைப்படாது.

கேஸ் மாற்றியிருந்தால் கம்ப்ரசர் மீது ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: எந்த வாயு, எத்தனை கிராம், எந்தத் தேதி, ஓடும்போது எத்தனை ஆம்பியர். ஹைட்ரோகார்பன் என்றால் "எரியும் வாயு" என்று சிவப்பில் பெரிதாக எழுதுங்கள். அடுத்த முறை அந்தக் குழாயில் பற்றவைப்பு விளக்கோடு குனியப் போகிறவர் பழைய பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஆர்-12 என்றுதான் நினைப்பார்.